எண்கள் மங்கிய பழைய பிலிம் கேமரா: திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கல்லிடைக்குறிச்சியில் என் தாய்மாமா வீட்டு பீரோவின் மேல்தட்டில், பட்டுச் சேலைகளுக்கும் பத்திரக் கட்டுகளுக்கும் இடையில், ஒரு பிலிம் கேமரா பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1980களின் கடைசியில் வந்த ஜப்பானியத் தயாரிப்பு அது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையும், வீட்டில் நடந்த அத்தனை கல்யாணங்களையும் மாமா அதில்தான் எடுத்தார். அதை அவர் என் கையில் கொடுத்தபோது புதிய செல்கள் நான்கைப் போட்டு சுவிட்சைத் தள்ளினேன். மோட்டார் ஒருமுறை முனகியது, ஒளியை உள்ளே விடும் ஷட்டர் சரியாக விழுந்தது. ஆனால் மேல்பக்கத்தில் ஷட்டர் வேகம் போன்ற எண்களைக் காட்ட வேண்டிய சின்னத் திரை, மோர் சிந்திக் காய்ந்த தட்டைப் போல வெளிறிக் கிடந்தது. முற்றத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் 125 என்பது போல ஒரு நிழல் தெரிந்தது. நேராகப் பார்த்தால் அதுவும் இல்லை.

இந்த நிலையில் இருக்கும் கேமராவை, 'டிஸ்பிளே போயிருச்சு, இனி இது எதுக்கு' என்று பரணில் ஏற்றிவிடுபவர்களையும், கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரால் உடனே மூடியைக் கழற்றுபவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் என்றால் அதன் பின்னால் எத்தனையோ காரணங்கள் இருக்கலாம் என்பது நமக்குத் தெரியும். திரை மங்குவதும் அப்படித்தான். செல்லின் சோர்வு, தொடுமுனையின் அழுக்கு, வெயிலின் சூடு, வெளிறிப்போன ஒரு தாள், கசிந்துபோன ஒரு கண்ணாடி என ஐந்தாறு கோளாறுகள் ஒரே மங்கலாக நம் கண்ணுக்கு வந்து சேருகின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கண்டறிந்துவிடலாம். பாளையங்கோட்டையில் கேமரா பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் முதன்முதலாகப் போனபோது அவர் சொன்னது இது: "திறந்து பாக்கதுக்கு முன்னால, வெளிய இருந்தே என்னெல்லாம் பாக்க முடியுமோ அதையெல்லாம் பாத்துரணும் தம்பி." நான் "சரி அண்ணாச்சி" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் சொன்ன ஒழுங்கையே இந்தக் கட்டுரையும் பின்பற்றுகிறது.

முதலில், உங்கள் கேமராவில் இருப்பது எந்த வகைத் திரை என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒளியை அளந்து முள் ஆடிக் காட்டும் மீட்டர் உள்ள கேமராக்களுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. 1978-இல் வந்த கேனான் ஏ-1 போன்றவற்றில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குள் சிவப்பாக ஒளிரும் எண்கள் எல்இடியால் ஆனவை. அவை தாமே ஒளி விடுபவை, மங்கினால் பெரும்பாலும் மின்சாரம் போய்ச் சேரவில்லை என்றே பொருள். 1980-இல் வந்த நிக்கான் எஃப்3-இன் வ்யூஃபைண்டரிலும், 1985-இல் வந்த மினோல்டா 7000, 1988-இல் வந்த நிக்கான் எஃப்-801 போன்றவற்றின் மேல்தட்டிலும் சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்பு எண்களாகத் தெரிபவைதான் எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை. பழைய கால்குலேட்டரிலும் டிஜிட்டல் கைக்கடிகாரத்திலும் இருப்பதும் இதுவே. நாம் பேசப்போவது இதைப் பற்றி.

அந்தக் கறுப்பு எண் எப்படி உண்டாகிறது

இதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் சோதனைகள் எல்லாம் தாமாகவே புரியும் என்பதால், இங்கே சற்று நிதானமாகவே போவோம்.

எல்சிடிக்குச் சொந்த ஒளி கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தை எங்கே திருப்பி அனுப்புவது, எங்கே விழுங்கிவிடுவது என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான இடைவெளியில், திரவப் படிகம் என்னும் பொருள் நிரப்பப்பட்டிருக்கிறது. அது திரவத்தைப் போல ஓடும். ஆனால் அதன் நீண்ட மூலக்கூறுகள் திடப் படிகத்தைப் போல ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த இரட்டைக் குணத்தை முதலில் கவனித்தவர் பிராக் நகரில் இருந்த ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர். 1888-இல், கொலஸ்டிரால் சார்ந்த ஒரு பொருள் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்று, 178.5 டிகிரியில் மறுபடியும் மாறித் தெளிவாவதை அவர் கண்டார். கேமராவுக்குள் வைக்க வேண்டுமானால் சாதாரண அறை வெப்பத்தில் இந்த நிலை நீடிக்க வேண்டும் அல்லவா? அப்படி நீடிக்கும் பொருள்களை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயும் அவரது குழுவினரும் 1973-இல் வெளியிட்ட பிறகுதான் கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் கேமராத் திரையும் நடைமுறைக்கு வந்தன.

இந்தக் கண்ணாடிச் சாண்ட்விச்சின் மேலும் கீழும் போலரைசர் என்னும் தாள் ஒவ்வொன்று ஒட்டப்பட்டிருக்கும். பத்தமடைப் பாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோரைகள் அத்தனையும் ஒரே திசையில் நெருக்கமாகக் கிடக்கின்றன. போலரைசரும் அதுபோன்றதே. ஒரு பிளாஸ்டிக் தாளை ஒரே திசையில் இழுத்து நீட்டி, அதில் அயோடினை ஏற்றினால், அதன் மூலக்கூறுகள் கோரைகளைப் போல வரிசையாகப் படுத்துவிடுகின்றன. ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. இந்தத் தாள் ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விட்டு மற்றதை நிறுத்திக்கொள்கிறது. இரண்டு போலரைசர்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால், முதல் தாள் விட்டதை இரண்டாவது தாள் மறித்துவிடும்; ஒளி கடக்காது, கறுப்பாகத் தெரியும்.

எல்சிடியில் இரண்டு தாள்களும் குறுக்காகத்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. அப்படியானால் திரை முழுவதும் எப்போதும் கறுப்பாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கேதான் நடுவில் இருக்கும் திரவப் படிகம் தன் வேலையைக் காட்டுகிறது. துளையில் ஒற்றைக் கயிறு கோத்த பனையோலைச் சுவடி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அடியோலை கிழக்கு மேற்காகக் கிடக்கட்டும். அதன் மேல் ஓலை மிகச் சிறிதே திரும்பியிருக்கட்டும். அதற்கு மேலே உள்ளது இன்னும் சிறிது. இப்படி விசிறியாகத் திரும்பிக்கொண்டே போனால் உச்சியோலை தெற்கு வடக்காக வந்து நிற்கும். திரவப் படிகத்தின் மூலக்கூறு அடுக்குகளும் ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்கு இப்படித்தான் 90 டிகிரி முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. முதல் தாளைக் கடந்த ஒளி அந்த முறுக்கோடு தானும் திரும்பி, இரண்டாவது தாளுக்கு ஏற்ற திசையில் போய்ச் சேருகிறது. பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சில் பட்டு வந்த வழியே திரும்புகிறது. நமக்கு வெளிர் சாம்பல் பின்னணி தெரிகிறது. இந்த முறுக்கு அமைப்பை 1970-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் என்ற இருவர் உருவாக்கினார்கள்.

எண் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடியின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மின்பூச்சு இருக்கிறது. அதற்குச் சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்ததும் அங்குள்ள மூலக்கூறுகள் முறுக்கை விட்டு நிமிர்ந்து நிற்கின்றன, சுவடி கலைந்துவிடுகிறது. ஒளி திரும்புவதில்லை, இரண்டாவது தாள் அதை மறிக்கிறது, அந்தக் கோட்டுத் துண்டு கறுப்பாகிறது. அப்படிப்பட்ட ஏழு துண்டுகள் சேர்ந்து ஓர் எண்.

ஆகவே ஒரு கறுப்பு எண் நன்றாகத் தெரிய மூன்று வேண்டும்: போதிய மின்னழுத்தம், முறுக்கு மாறாத திரவப் படிகம், வெளிறாத இரண்டு போலரைசர்கள். மங்கல் வந்தால் இவற்றுள் எது குறைந்தது என்பதே நம் கேள்வி.

செல்லும் தொடுமுனையும்

மின்னழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் முழுவதும் நிமிராமல் அரைகுறையாகச் சாய்ந்து நிற்கும். எண் கறுப்பாக இல்லாமல் சாம்பலாகத் தெரியும். இதை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. கேமராவை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் எண் பளிச்சென்று தெரிந்து நேர்ப்பார்வையில் மட்டும் மங்கினால், போலரைசரை நினைப்பதற்கு முன் மின்னழுத்தத்தைச் சந்தேகப்படுங்கள்.

'புதுச் செல்தான் போட்டேன்' என்பது மட்டும் போதாது. சுவர்க் கடிகாரத்துக்கென்று கடையில் கொடுக்கும் மலிவான சிங்க்-கார்பன் டபுள்-ஏ செல் கடிகாரத்துக்குப் போதும். மோட்டாரை இழுக்க வேண்டிய கேமராவுக்கு ஆல்கலைன் செல்தான் தேவை. ஒரு மல்டிமீட்டரால் அளந்தால் புதிய ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 1.3-க்குக் கீழே இருப்பதை நான் கேமராவில் போடுவதில்லை. பட்டன் செல் போடும் கேமராக்களில் எல்ஆர்44, எஸ்ஆர்44 என்ற இரண்டும் அளவில் ஒன்றாகவே இருக்கும். முன்னது ஆல்கலைன், 1.5 வோல்ட், பயன்படுத்தப் பயன்படுத்த அதன் மின்னழுத்தம் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். பின்னது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட், தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, பிறகு சட்டென்று விழும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது பின்னதை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

சும்மா இருக்கும் செல்லை அளப்பதைவிட, வேலை செய்யும்போது கவனிப்பது இன்னும் பயன் தரும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். பிளாஷ் சார்ஜ் ஆகும் நேரத்திலும் மோட்டார் பிலிமைச் சுற்றும் கணத்திலும் திரையையே பாருங்கள். அந்த நேரத்தில் மட்டும் எண்கள் துடித்தாலோ மங்கினாலோ, செல்லோ அதன் தொடுமுனையோதான் காரணம். எப்போதும் ஒரே அளவில் மங்கலாக இருந்தால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

தொடுமுனைகளைப் பார்க்கும்போது டார்ச்சு வெளிச்சத்தில், செல் பெட்டியின் அடிவரை பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், உள்ளேயே விட்டுவைத்த ஆல்கலைன் செல் கசிந்திருக்கிறது. அந்தக் கசிவு காரத்தன்மை உடையது. ஆகவே சிறிது புளிப்பு அதைக் கரைக்கும். புளியங்குடி எலுமிச்சையில் ஒரு சொட்டை பட்ஸ் குச்சியில் தொட்டு, பூத்த இடத்தில் மட்டும் தடவினால் மெல்ல நுரைத்து விட்டுக்கொடுக்கும். பிறகு ஈரம் ஒற்றிய துணியால் துடைத்து, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். சாற்றை ஊற்றிவிடக் கூடாது. அது உள்ளே போனால் கசிந்த செல்லைவிடப் பெரிய தொல்லை. வெறுமனே கறுத்த முனைக்குப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரே போதும். தேய்த்த தூளை உள்ளே விட்டுவிடாமல் கேமராவைக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள்.

கோளாறே இல்லாத மங்கல்கள்

நான்குவழிச் சாலையில் பைக் ஓட்டுபவர்கள் போடும் கூலிங் கிளாஸ்களில் போலரைசர் உள்ளவை உண்டு. அதைப் போட்டுக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்தால், கண்ணாடியின் தாளும் திரையின் மேல்தாளும் குறுக்காக அமையும் கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். கூந்தன்குளத்தில் நாரைகளைப் படம்பிடிக்க வந்த நண்பர் ஒருவர், உச்சி வெயிலில் திரை செத்துப்போனதாகப் பதறினார். கண்ணாடியைக் கழற்றியதும் எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

சூடும் அதே போன்றது. திரவப் படிகம் ஒரு வெப்பநிலையைத் தாண்டினால் வெறும் திரவமாகிவிடும், முறுக்கு கலைந்துவிடும்; திரை முழுவதும் கறுப்பாகும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இது நேரும் என்று கேமராக் கையேடுகளே சொல்கின்றன. அக்கினி நட்சத்திர நாளில், வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த கேமரா அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும். நிழலில் வைத்து ஆறவிட்டால் திரை தானாகத் திரும்பும். அவசரப்பட்டு பிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். உள்ளே பனித்து நீர் கோக்கும். குளிரில் எண்கள் மெதுவாக மாறுவதும் வெளிறுவதும் உண்டு, ஆனால் நம் ஊரில் அந்தக் கவலை வேண்டாம். மாஞ்சோலை இரவுக்குளிர்கூட ஒரு திரையை நிறுத்திவிடாது.

இன்னொன்று, திரைக்கு மேலே இருக்கும் தெளிந்த பிளாஸ்டிக் மூடி. முப்பது ஆண்டுகளாகக் கைவியர்வையும் கேமரா உறையும் தேய்த்ததில் அது பால்போல மங்கியிருக்கலாம். ஒரு துளி தண்ணீரைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் காயும் வரை எண்கள் தெளிவாகத் தெரிந்தால், குற்றவாளி அந்த மூடியின் கீறல்தான்.

துண்டு துண்டாகக் காணாமல் போவது

திரை முழுவதும் மங்காமல், எண்ணின் ஒரு கோடு மட்டும் காணாமல் போனால் அது வேறு கதை. எட்டு என்ற எண்ணில் நடுக்கோடு போனால் அது சுழியம். வலது மேல்கோடு போனால் ஆறு. இதை நம்பி அளவு வைத்தால் படம் கெட்டுப்போகும். ஆகவே டயலை முதல் எண்ணிலிருந்து கடைசி வரை சுற்றி, எந்தக் கோடு எப்போதும் வருவதில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஸீப்ரா பட்டை. கண்ணாடித் திரையையும் மின்சுற்றுப் பலகையையும் ஈயப்பற்று வைத்து இணைக்க முடியாது. ஆகவே மின்சாரம் கடத்தும் கறுப்பு ரப்பரும் கடத்தாத வெளிர் ரப்பரும் மாறி மாறி அடுக்கிய மெல்லிய பட்டை ஒன்றை இரண்டுக்கும் நடுவே அழுத்தி வைத்திருக்கிறார்கள். வரிக்குதிரையின் உடலைப் போல இருப்பதால் அந்தப் பெயர். கேமரா எப்போதோ கீழே விழுந்து பட்டை நகர்ந்திருந்தாலும், ஈரம் புகுந்து அதன் விளிம்பில் படிந்திருந்தாலும் சில கோடுகளுக்கு மின்சாரம் போகாது. திரை மூடியின் ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்தும்போது காணாமல் போன கோடு எட்டிப் பார்த்தால், நோய் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம். பட்டையை எடுத்து ஆல்கஹாலால் துடைத்து மறுபடியும் நேராக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்; ஆனால் அதற்கு மேல்தட்டைக் கழற்ற வேண்டும்.

கழற்றுவதைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. கேமராவுக்குள்ளேயே பிளாஷ் இருந்தால், அதற்காக ஏறக்குறைய 300 வோல்ட் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெபாசிட்டர் ஒன்று உள்ளே இருக்கும். செல்லை எடுத்த பிறகும் அது மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கை பட்டால் தூக்கியடிக்கும், சில நேரம் அதைவிட மோசமாகவும் முடியும். பழக்கம் இல்லாதவர்கள் பிளாஷ் உள்ள கேமராவைத் திறக்கவே கூடாது. பிளாஷ் இல்லாததாக இருந்தாலும், ஜப்பானியக் கேமராக்களின் குறுக்குத் திருகாணிகள் நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. தலை வழுக்கிப்போன திருகாணியைக் கழற்றுவது பழுதைவிடக் கடினமான வேலை.

வெளிறிய போலரைசரும் அதைப் பிடித்துக் கொடுக்கும் பில்டரும்

மாமாவின் கேமராவுக்குத் திரும்புகிறேன். செல்கள் நல்லவை, தொடுமுனைகள் சுத்தம், எல்லாக் கோடுகளும் ஒரே அளவில் மங்கல். திரையின் ஓரத்தில் மஞ்சள் படர்ந்திருந்தது, ஒரு மூலையில் சிறு குமிழிகள் இருந்தன. இவை போலரைசர் தாளின் முதுமைக்கு அடையாளம். அயோடின் ஏற்றிய தாளுக்குச் சூடும் ஈரமும் ஒருசேரச் சேர்ந்தால் ஆகாது; அயோடின் மெல்ல மெல்ல அதைவிட்டுப் போய்விடும், தாள் வெறும் பிளாஸ்டிக்காகிவிடும். சித்திரையில் காய்ந்த மொட்டைமாடிக்கு நேர்க்கீழே இருக்கும் அறை, அதே அறையில் ஆடிச் சாரலின் ஈரக்காற்று, மறுபடியும் ஐப்பசி மழை என்று ஆண்டுக்கு ஆண்டு மாறி மாறி வாங்கிய தாள் அது.

இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வானத்தின் நீலத்தைக் கூட்டவும், தாமிரபரணித் தண்ணீரின் மினுக்கத்தைக் குறைக்கவும் லென்ஸின் முன்னே மாட்டும் போலரைசர் பில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை இயக்கி, அந்த பில்டரை மங்கிய திரையின் மேல் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மேல்தாள் மட்டும் வெளிறியிருந்தால், உள்ளே திரவப் படிகமும் அடித்தாளும் தம் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. இழந்த மேல்தாளின் வேலையை உங்கள் பில்டர் ஏற்றுக்கொள்ளும், எண்கள் கறுப்பாக எழுந்து நிற்கும். இன்னும் கால் வட்டம் சுற்றினால் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறிவிடும். இன்று கடைகளில் கிடைக்கும் பில்டர்கள் பெரும்பாலும் வட்டப் போலரைசர்கள் (பெயர் வடிவத்தைக் குறிப்பதல்ல; போலரைசருக்குப் பின்னால் ஒளியின் அதிர்வை மாற்றும் இன்னொரு தாளும் சேர்ந்தவை). அவற்றில் ஒரு பக்கம்தான் இந்தச் சோதனைக்கு உதவும். லென்ஸில் மாட்டும் திருகுமரைப் பக்கம் உங்கள் கண்ணை நோக்கியும், மறுபக்கம் திரையை நோக்கியும் இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் தெரியாது; சோதனை தோற்றதாக நினைத்துக் கேமராவைக் கைவிட்டுவிடுவீர்கள்.

கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையில் நான் பில்டரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாமா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன மருமவனே, ஏதாவது தெரியுதா?" ஏறக்குறைய கால் வட்டம் போனதும், வெளிறிய தட்டின் நடுவிலிருந்து 125 என்ற எண் ஓலையில் மை தடவியதும் எழுத்து எழும்புவதைப் போலக் கறுப்பாக மேலே வந்தது. "தெரியுது மாமா, 125" என்றேன். அவர் பில்டரைத் தன் கையில் வாங்கி, வைத்தும் எடுத்தும் நான்கைந்து முறை பார்த்தார்.

பில்டரைச் சுற்றியும் எண்கள் எழவில்லை என்றால், அடித்தாள் வெளிறியிருக்கலாம் அல்லது மின்னழுத்தமே வந்து சேராமல் இருக்கலாம். அது வெளியிலிருந்து தீரும் வேலை இல்லை.

பீரோவில் வைப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேலைகளுக்கு நடுவே போடும் அந்துருண்டையின், கற்பூரத்தின் ஆவி கேமராவுக்கு ஆகாது. அவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்று கையேடுகளே எச்சரிக்கின்றன. செல்களைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, இறுக மூடும் டப்பாவில், வீட்டிலேயே சூடு குறைந்த அறையில் வையுங்கள்.

மை சிந்தியதைப் போலக் கறுத்தால்

திரையின் ஓரத்திலிருந்து மை கசிந்ததைப் போலக் கறுப்புத் திட்டு பரவினால், அங்கே கண்ணாடி கீறியிருக்கிறது அல்லது இரண்டு கண்ணாடிகளையும் சுற்றி ஒட்டிய விளிம்பு விட்டுவிட்டது. திரவப் படிகம் வெளியேறுகிறது, காற்று புகுகிறது. இதைத் துடைத்தோ, அழுத்தியோ, வெயிலில் வைத்தோ சரிசெய்ய முடியாது. அதே மாடலில் வேறு காரணத்தால் செத்துப்போன கேமரா ஒன்றைத் தேடி, அதன் திரையை எடுத்து மாற்றுவது ஒன்றே வழி. திட்டு மெதுவாகத்தான் பரவும். எண்களைத் தொடாத வரை கேமராவைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

திரை போய்விட்டாலும் கேமரா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து வைத்து, தானியங்கி முறையில், லென்ஸை முதலில் வெயில் விழும் சுவரை நோக்கியும் பிறகு இருண்ட மூலையை நோக்கியும் பிடித்து ஷட்டரை விடுங்கள். முதல்முறை ஒரு மின்னலாகவும், இரண்டாம் முறை கண்ணால் எண்ணும்படி நிதானமாகவும் ஒளி தெரிந்தால் மீட்டரும் ஷட்டரும் ஒழுங்காகவே இருக்கின்றன. நிக்கான் எஃப்3 போன்ற கேமராவில் ஷட்டர் வேகம் மேல்தட்டில் உள்ள டயலிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், வ்யூஃபைண்டர் எண்கள் மங்கினாலும் கையால் வேகம் வைத்துப் படம் எடுக்கலாம். நல்ல வெயிலில் ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 200 உள்ள பிலிமுக்கு லென்ஸின் துளை (அபர்ச்சர்) 16, ஷட்டர் வேகம் 1/250 நொடி என்பது பழைய புகைப்படக்காரர்கள் தலைமுறையாகக் கையாண்ட கணக்கு.

மாமாவின் கேமராவை நான் திறக்கவே இல்லை. வட்டப் போலரைசர் அல்லாத, சாதாரண நேர்ப் போலரைசர் தாள் ஒன்றை வாங்கி, அதைத் திரை மூடியின் மேல் வைத்து, எண்கள் அதிகக் கறுப்பாகத் தெரியும் கோணத்தைப் பென்சிலால் குறித்தேன். அது ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வந்தது. அந்தச் சாய்விலேயே கத்தரியால் மூடியின் அளவுக்கு வெட்டி, நான்கு ஓரத்திலும் மெல்லிய டேப் ஒட்டினேன். மூடியின் பிளாஸ்டிக்கில் அச்சில் வார்க்கும்போது நின்றுபோன இறுக்கம் இருப்பதால் இடது மூலையில் மட்டும் வானவில் நிறத்தில் ஒரு கீற்று தெரிகிறது. மற்ற இடமெல்லாம் தெளிவாக இருக்கிறது. 36 படங்களில் எத்தனையாவது படம் என்ற எண்ணையும் மாமா இப்போது கண்ணாடி போடாமலேயே படிக்கிறார்.